யாழ்ப்பாணத்துப் புராணபடனம்: வாசிப்பே வழிபாடாகும் முறை

1. ஆய்வுப் பொருள்

பூசையும் விரதமும் வழிபாடு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஒரு நூலைக் கோயில் மண்டபத்தில் இருத்தி, மாதக்கணக்காகப் படித்துப் பொருள் கேட்பதும் அவற்றோடு ஒத்த வழிபாடே என்று யாழ்ப்பாணத்துச் சைவர் கொண்டனர். அந்த முறைக்குப் புராணபடனம் என்று பெயர். அது நிலைபெற்றதற்குப் படிப்பவரின் குரலைவிட, செய்யுளின் பொருளை விரித்துரைக்கும் ‘பயன் சொல்பவரின்’ கல்வியே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. நூல்கள்

முதலிடம் கந்தபுராணத்துக்கு. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய அந்நூல் 6 காண்டங்களும் 10,000க்கு மேற்பட்ட செய்யுள்களும் கொண்டது. பிறந்த ஊரைக் காட்டிலும் யாழ்ப்பாணத்தில் அது ஆழ வேரூன்றியது. மட்டுவிலில் பிறந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) இந்த மண்ணின் வாழ்வையே ‘கந்தபுராண கலாசாரம்’ என்றார். அது மிகையன்று. பூசை முடிவில் மழையும் நல்லரசும் வேண்டி எல்லாரும் சேர்ந்து பாடுகிறோமே, அந்த வாழ்த்தும் கந்தபுராணச் செய்யுள்தான்.

பெரியபுராணம், திருவிளையாடற் புராணம் ஆகியனவும் படிக்கப்படும். திருவெம்பாவைக் காலத்துக்குத் திருவாதவூரடிகள் புராணம் உரியது. சுன்னாகம் வரதபண்டிதர் பாடிய பிள்ளையார் கதை இவற்றிலிருந்து வேறுபட்டது. கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமையில் தொடங்கும் 21 நாள் விரதத்தில், 21 இழை நூற்காப்பை ஆண்கள் வலக்கையிலும் பெண்கள் இடக்கையிலும் கட்டிக்கொண்டு அதனைப் படிப்பர். நடை எளிது, எழுத்தறிந்த எவரும் தாமே படித்து விளங்கிக்கொள்ளலாம். கந்தபுராணம் அப்படி வசப்படாது. அங்கேதான் இரண்டாவது ஆள் தேவைப்படுகிறார்.

3. படிக்கும் முறை

இருவர் அமர்வர். ஒருவர் காப்புச் சொல்லித் தொடங்கி, செய்யுளை இராகத்தோடு முழுவதும் படிப்பார். பிறகு அதையே சந்தி பிரித்து, தொடர் தொடராக நிறுத்தி நிறுத்திச் சொல்வார். ஒவ்வொரு தொடருக்கும் மற்றவர் பயன் சொல்வார். படிப்பவர் பிழையாகப் பிரித்தால் பொருள் ஓடாது. பயன் சொல்பவர் தடுமாறினால் படிப்பவர் மேலே செல்ல முடியாது. சுற்றியிருக்கும் முதியவர்களுக்கும் பாட்டுத் தெரியும். “அப்படியில்லைத் தம்பி” என்று நடுவில் ஒரு குரல் எழுந்தால், அதைக் குறையாக எடுப்பதில்லை. சபையில் எழுத்தறியாதவரும் இருப்பர். தண்டியலங்காரமும் சித்தாந்தமும் அவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது இந்த வழியாலேதான்.

முருகன் திருவவதாரம், சூரபன்மன் வதை, தெய்வயானை அம்மை திருமணம், வள்ளியம்மை திருமணம் ஆகிய படலங்கள் வரும் நாட்களைச் சிறப்பு நாட்களாகக் கொள்வர். சூரன் மாமரமாகி நின்று, வேலால் பிளவுண்டு, சேவலும் மயிலுமாகும் இடத்தை எண்ணிப் பாருங்கள். கதையாகக் கேட்டால் அது பகைவனின் அழிவு. நல்ல பயன்காரர் ஒருவர் அதை ஆணவமலம் வலிகெட்டுத் திருவடியில் அடங்குவதாக விரிப்பார். கேட்டிருப்பவர் அடுத்த முறை கோயிலில் சூரன்போர் விழாவைப் பார்க்கும்போது வேறொன்றைக் காண்பார்.

4. நாவலரின் பங்கு

1619 முதல் 1658 வரை நீடித்த போர்த்துக்கேயர் ஆட்சியில் கோயில்கள் இடிக்கப்பட்டன. நல்லூர்க் கோயில் 1621இல் வீழ்ந்தது. ஏடுகளும் அவற்றைப் படிக்க அறிந்தவர்களும் எஞ்சினர். ஆறுமுக நாவலர் (1822–1879) 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1852இல் பெரியபுராண வசனத்தை அச்சிட்டார். பிரசங்கம் செய்யுளை விட்டு விலகிய பேச்சு, வசனம் செய்யுளில்லாத நூல். இரண்டும் பயன் சொல்லலின் நீட்சிகள் என்றே கருதுகிறேன்.

5. கிரேக்க ஒப்பீடு

பழைய கிரேக்கரிடமும் ஓமரை ஓதி விளக்குவோர் இருந்தனர். பிளேட்டோவின் ‘அயோன்’ உரையாடலில் அத்தகைய ஒருவரை, எந்த அறிவைக்கொண்டு விளக்குகிறாய் என்று சோக்கிரதர் மடக்குகிறார். தெய்வ ஆவேசமே என்ற முடிவுக்கு இட்டுச்செல்கிறார். நம்மூர்ப் பயன்காரர் ஆவேசத்தை நம்புவதில்லை. நன்னூலையும் குருவையும் நம்புகிறார்.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமப் பேரரசன் தியடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்தபின் அந்த வழிபாட்டுத் தொடர் அறுந்தது. இக்காலத்தில் பழைய கிரேக்கத் தேவர்களை மீண்டும் வணங்குவோர் ஓமரின் பெயரால் வழங்கும் துதிகளையும் ஓர்பியத் துதிகளையும் ஓதுகின்றனர். 2017இல் கிரேக்க அரசு அவர்கள் சமயத்துக்கு அறிந்தேற்பு வழங்கியது. நூல் அவர்கள் கையில் இருக்கிறது. அதை எப்படி ஓதுவது, எப்படிக் கேட்பது என்பதைப் புத்தகங்களிலிருந்தே மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பு மதிப்புக்குரியது. நாம் உழைக்காமலே பெற்றதன் அருமையையும் அது காட்டுகிறது.

6. இன்றைய நிலை

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. போரால் நேர்ந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்துப் படனச் சபைகள் சிதறின. நூல்களை மறுபடி அச்சிடலாம். பயன் சொல்பவரை அச்சிட முடியாது. இராகத்தோடு படித்த பதிவுகள் இன்று கைப்பேசியில் கிடைக்கின்றன. அவற்றில் பாட்டு நிறைகிறது, நிறுத்திக் கேட்கவோ திருத்தவோ ஆளில்லை.

கோயில் தர்மகர்த்தாக்கள் திருவெம்பாவையின் 10 நாட்களில் தொடங்கலாம். திருவாதவூரடிகள் புராணம் கந்தபுராணத்தை நோக்கச் சிறிது. உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் ஒரு பிள்ளையை மூத்த பயன்காரருக்குப் பக்கத்தில் இருத்தி, நாளொன்றுக்கு ஐந்து செய்யுளுக்காவது அந்தப் பிள்ளையே பயன் சொல்ல விடவேண்டும். பிழை வந்தால் சபை திருத்தும்.