1802: அனுமதி இல்லாத கார்டு

போன மாசம் தங்கச்சி பையனுக்காக ஒரு பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தேன். ரேம் போதும், எஸ்எஸ்டி போட்டாச்சு. வைஃபை மட்டும் ஆமை வேகம். உள்ளே இருந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கிற பழைய கார்டு. அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் கத்துகிற அலைவரிசையில் இதுவும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தது. மாற்றுவது பெரிய வேலை இல்லை. பேட்டரியைக் கழற்றி, அடி மூடியைத் திறந்து, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கிற கார்டை உருவிவிட்டு, வேறொன்றைச் செருகி, ரெண்டு ஆன்டெனா வயரை அழுத்தினால் முடிஞ்சது.

ஆனா கார்டு வாங்கும் முன் தேடிப் பார்த்தபோது எல்லா இடத்திலும் ஒரே எச்சரிக்கை: "முதல்ல உங்க பயாஸ்ல வைட்லிஸ்ட் இருக்கான்னு பாருங்க." அது என்ன லிஸ்ட், யார் எழுதினது, ஏன் எழுதினாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சேன். கார்டு மாற்ற ஆன நேரம் கால் மணி. இதைத் தோண்ட ரெண்டு வாரம் ஆச்சு.

கதை 1999-இல் தொடங்குகிறது. அந்த ஜூலையில் நியூயார்க் மேக்வேர்ல்ட் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக்கை அறிமுகம் செய்தார். இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்துகொண்டே அந்த லேப்டாப்பைக் கையில் தூக்கி நடந்தார். ஒயர் எதுவும் இல்லைன்னு காட்ட ஒரு வளையத்துக்குள் அதை நுழைத்து எடுத்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. உள்ளே செருகுகிற ஏர்போர்ட் கார்டின் விலை தனியாக 99 டாலர். அதைச் செய்து கொடுத்தது லூசென்ட் நிறுவனம். நம் கதைக்கு முக்கியமானது அந்த கார்டு இல்லை, ஆன்டெனா. அது கார்டில் இல்லை, லேப்டாப்பின் உடம்பில் இருந்தது.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். அன்றைக்கு மற்ற லேப்டாப்களில் வைஃபை வேணும்னா பக்கவாட்டில் இருக்கிற பிசி கார்டு துளையில் ஒரு அட்டையைச் செருகுவார்கள். அதன் நுனி ஒரு அங்குலம் வெளியே துருத்திக்கிட்டு நிக்கும், ஆன்டெனா அந்த நுனிக்குள் இருக்கும். ரேடியோவும் ஆன்டெனாவும் ஒரே பொருள், ஒரே ஆள் செய்தது, ஒன்றாகச் சோதித்து ஒன்றாகச் சான்றிதழ் வாங்கியது. உள்ளே போகிற மினி பிசிஐ கார்டில் அப்படி இல்லை. ரேடியோவை ஒருவர் செய்கிறார், திரையின் ஓரத்தில் ஆன்டெனாவை ஒட்டுவது இன்னொருவர். ரெண்டையும் இணைப்பது மெல்லிய கோஆக்சியல் வயர். அப்போ இந்த ஜோடிக்குப் பொறுப்பு யார்? அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி கேட்ட கேள்வி இதுதான். வைட்லிஸ்டுக்கு நியாயம் சொன்னவர்கள் பிடித்துக்கொண்ட நூலும் இதுதான்.

அடுத்த கட்டம் 2003 மார்ச். இன்டெல் 'சென்ட்ரினோ' என்ற பெயரை அறிமுகப்படுத்துகிறது. விளம்பரத்துக்கு மட்டும் 30 கோடி டாலர். சென்ட்ரினோ ஒரு சிப்பின் பெயர் இல்லை, மூன்று பொருள்களுக்குச் சேர்த்து வைத்த பெயர்: பென்டியம் எம் பிராசஸர், 855 சிப்செட், ப்ரோ வயர்லெஸ் 2100 வைஃபை கார்டு. மூன்றும் இன்டெல்லிடம் வாங்கினால்தான் அந்த ஸ்டிக்கரை ஒட்டலாம். வைஃபை கார்டை மட்டும் வேறு இடத்தில் வாங்கினால் 'பென்டியம் எம்' ஸ்டிக்கரோடு திருப்திப்பட்டுக்கணும், விளம்பரப் பணத்தில் பங்கும் கிடையாது.

சிக்கல் என்னன்னா, அந்த 2100 ஒரு 802.11பி கார்டு. வேகம் விநாடிக்கு 11 மெகாபிட். சென்ட்ரினோ வந்து மூணே மாசத்தில், 2003 ஜூனில், 54 மெகாபிட் வேகமுள்ள 802.11ஜி தரம் இறுதியானது. புத்தம்புது லேப்டாப், உள்ளே இருக்கிற ரேடியோ அதற்குள் பழசு. லினக்ஸ் ஆட்களுக்கு இன்னும் மோசம். 2100-க்கு லினக்ஸ் டிரைவர் தரும் முயற்சியை இன்டெல் தொடங்கியதே 2004-இல்தான். ஏதெராஸ் சிப் உள்ள கார்டுகள் அதற்கு முன்பே லினக்ஸில் ஓடின. ஆக, கார்டை மாற்ற வலுவான காரணம் இருந்தது. மாற்றுவதற்கென்றே வடிவமைத்த பொதுத் தரத் துளையும் இருந்தது.

ஐபிஎம் திங்க்பேட் வைத்திருந்தவர்கள் கடையில் ஒரு மினி பிசிஐ கார்டு வாங்கி, செருகி, பவர் பட்டனை அழுத்தினார்கள். கறுப்புத் திரையில் ஒரு செய்தி வந்தது. தமிழில் சொன்னால் இப்படி: பிழை 1802, அனுமதி இல்லாத நெட்வொர்க் கார்டு செருகப்பட்டுள்ளது, மின்சாரத்தை அணைத்து அந்தக் கார்டை அகற்றவும்.

அவ்வளவுதான். விண்டோஸ் வராது, லினக்ஸும் வராது. கார்டு வேலை செய்யவில்லை என்பதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. முழு லேப்டாப்பும் 'நான் எழுந்திருக்க மாட்டேன்' என்று உட்கார்ந்துகொள்கிறது.

பயாஸ் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு பிசிஐ கார்டும் தன்னைப் பற்றி நான்கு எண்கள் சொல்லும். சிப் யாருடையது, என்ன சிப் என்பது முதல் ரெண்டு. கார்டாகக் கட்டியது யார் பெயரில், அது என்ன கார்டு என்பது அடுத்த ரெண்டு. இன்டெல்லின் எண் 8086 (ஆமாம், அந்தப் பழைய பிராசஸர் எண்ணேதான், குறும்பு). ஐபிஎம்மின் எண் 1014. லேப்டாப் எழும்போது பயாஸ் இந்த எண்களைப் படித்து, தன்னிடம் உள்ள ஒரு சின்னப் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இருந்தால் உள்ளே வா, இல்லையென்றால் 1802.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஐபிஎம் தானே ஏதெராஸ் சிப் போட்ட ஏ/பி/ஜி மினி பிசிஐ கார்டு விற்றது. அதே சிப் போட்ட வேறு கம்பெனி கார்டும் சந்தையில் இருந்தது. ஒரே சிப்தான், ஆனா ஒன்றை திங்க்பேட் ஏற்கும், மற்றதை ஏற்காது. வித்தியாசம் கார்டின் ஈப்ராமில் எழுதியிருக்கிற அந்த அடையாள எண். அதனால் சிலர் செய்த வைத்தியமும் அதற்கேற்ப இருந்தது. வேறொரு கம்ப்யூட்டரில் கார்டைச் செருகி, ஈப்ராமில் உள்ள எண்ணை ஐபிஎம் எண்ணாக மாற்றி எழுதி, திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். பயாஸ் சத்தம் போடாமல் ஏற்றுக்கொண்டது. ரேடியோவில் ஒரு துளிகூட மாறவில்லை, பெயர்ப்பலகை மட்டும் மாறியது.

இன்னொரு வைத்தியம் இதைவிட வேடிக்கை. சிமாஸ் நினைவகத்தில் 6ஏ என்ற முகவரியில் இருக்கிற பைட்டின் மேல் பிட்டை 1 ஆக்கினால் போதும், அந்தத் தலைமுறை திங்க்பேட்கள் பலவற்றில் பயாஸ் பட்டியலைப் பார்ப்பதையே நிறுத்திவிடும். யாரோ ஒருத்தர் பயாஸைப் பிரித்துப் படித்து இதைக் கண்டுபிடித்து, ஒரு குட்டி டாஸ் புரோகிராமாக எழுதி வெளியிட்டார். யோசிச்சுப் பாருங்க, இத்தனை பேரை அலைய வைத்த பூட்டுக்குச் சாவி ஒரே ஒரு பிட். சோதனையைத் தவிர்க்கும் வழியைப் பயாஸ் எழுதியவர்களே உள்ளே வைத்திருக்கிறார்கள், தொழிற்சாலைத் தேவைக்காக இருக்கலாம்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். நிறுவனங்கள் தரப்பில் வழக்கமாகச் சொன்ன காரணம் எஃப்சிசி விதி. ரேடியோ கருவி ஆன்டெனாவோடு சேர்ந்துதான் சான்றிதழ் பெறுகிறது. பயனர் கண்ட கார்டையும் போட்டால் அந்த ஜோடி சோதிக்கப்படாத ஜோடி ஆகிவிடும், பொறுப்பு எங்கள் தலையில் விழும் என்பது வாதம். இதை முழுசாத் தள்ளிவிட முடியாது. ஆன்டெனாவின் திறன் கூடினால் வெளியே போகிற அலையின் வலிமையும் கூடும், அது நிஜம். மடியில் வைத்துப் பயன்படுத்துகிற கருவியில் உடம்புக்கு எவ்வளவு அலை போகிறது என்பதற்கும் வரம்பு உண்டு.

ஆனா விதியைக் கொஞ்சம் தள்ளிப் படித்தால் வேறு சிலதும் தெரியும். ரேடியோ கார்டைத் தனி 'மாட்யூல்' ஆகச் சான்றளிக்கும் ஏற்பாட்டை எஃப்சிசி 2000-ஆம் ஆண்டே கொண்டுவந்துவிட்டது, 2007-இல் அதை முறையான விதியாகவும் ஆக்கியது. சான்றிதழ் பெற்ற ஆன்டெனாவுக்குப் பதில் அதே வகையில், அதே அளவோ குறைவாகவோ திறனுள்ள வேறு ஆன்டெனாவைப் பயன்படுத்தவும் இடம் கொடுத்தது. அதாவது, கார்டும் ஆன்டெனாவும் பிரிந்து வாழலாம் என்பதைச் சட்டமே ஓரளவு ஏற்றுக்கொண்டிருந்தது.

இதைவிட எளிமையான சாட்சி ஒன்று இருக்கு. டெல் லேப்டாப்களும் அதே அமெரிக்காவில், அதே எஃப்சிசி விதியின் கீழ்தான் விற்றன. அவற்றில் பொதுவாக இப்படிப் பூட்டு கிடையாது. சட்டம் எல்லாரையும் இப்படிச் செய்யச் சொல்லியிருந்தால் எல்லாரும் செய்திருக்கணும் இல்லையா? என் முடிவு இது: சட்டம் பூட்டச் சொல்லவில்லை, பூட்டுவதற்கு ஒரு வசதியான பதிலைக் கொடுத்தது. பூட்டியதால் தங்கள் பெயர் போட்ட கார்டை மட்டும் விற்க முடிந்தது, சர்வீஸ் தொல்லையும் குறைந்தது. மூன்றில் எது முதல் காரணம் என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தன என்று மட்டும் சொல்லலாம்.

2005-இல் திங்க்பேட் லெனோவோவின் கைக்குப் போனது. பட்டியலும் கூடவே போனது. அடுத்த ஆண்டு மினி பிசிஐ போய் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. துளை சின்னதாச்சு, 52 பின். பழைய ஒற்றை பிட் வைத்தியம் இங்கே பலிக்கவில்லை, பயாஸையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. ஹெச்பி லேப்டாப்களில் இதே கதை '104' என்ற எண்ணோடு வரும்: ஆதரிக்கப்படாத வயர்லெஸ் கருவி, சிஸ்டம் நிறுத்தப்பட்டது, கருவியை அகற்றவும்.

இங்கிருந்து ரெண்டு விதமான மனிதர்கள் வருகிறார்கள். ஒரு சாரார் பயாஸ் கோப்பைப் பிரித்து, பட்டியலில் ஒரு எண்ணை அழித்துத் தங்கள் கார்டின் எண்ணை எழுதுபவர்கள். இன்னொரு சாரார் பயாஸையே தூக்கி எறிபவர்கள். 1999-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் என்று பிறந்த திட்டம், 2008-இல் கோர்பூட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அது தொடங்கியது கம்ப்யூட்டர் கூட்டங்களை வேகமாக எழுப்பவும் கையாளவும். வைஃபை கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனா பின்னாளில் எக்ஸ்60, எக்ஸ்200, எக்ஸ்230 மாதிரி திங்க்பேட்களில் அது ஓட ஆரம்பித்ததும், பட்டியல் என்ற ஒன்றே இல்லாத பயாஸ் கிடைத்துவிட்டது. மதர்போர்டைத் திறந்து, எட்டுக் கால் சிப்பை ஒரு கிளிப்பால் கவ்வி, ராஸ்பெரி பை வழியாக எழுதணும். கை நடுங்கினால் லேப்டாப் செங்கல். பிறகு 2012-ஆம் ஆண்டு தலைமுறைக்கு '1வைரெய்ன்' வந்தது. பயாஸ் போதுமான அளவு பழைய பதிப்பாக இருந்தால் கிளிப் இல்லாமலே யுஎஸ்பியிலிருந்து செய்யலாம். ஒரு வைஃபை கார்டுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். கார்டுக்காக ஆரம்பித்து, பயாஸ் முழுக்கப் படித்துவிட்டு வந்தவர்கள் நிறைய.

பிந்தைய மாடல்களில் பட்டியல் மெல்ல மறைந்தது. யாரும் பெரிதாக அறிவித்ததாகத் தெரியவில்லை, ஒருநாள் பிழை வராமல் போனது, அவ்வளவுதான். துளையும் எம்.2 ஆக மாறியது, 22க்கு 30 மில்லிமீட்டர்.

பூட்டு போனதும் வேறு விதமான தடை வந்தது. இதைக் கார்டு வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். இன்டெல் சிஎன்விஐ என்ற ஏற்பாட்டில் வைஃபையின் மூளையைச் சிப்செட்டுக்குள் நகர்த்திவிட்டது. எம்.2 அட்டையில் மிச்சம் இருப்பது ரேடியோ பாகம் மட்டும். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் ஏறக்குறைய ஒன்று. முதலாவது முழுக் கார்டு, பழைய லேப்டாப்பிலும் ஓடும். ரெண்டாவது அந்த ஏற்பாடு உள்ள புதிய இன்டெல் இயந்திரம் தவிர வேறெதிலும் உயிர் பெறாது. பிழைச் செய்திகூட வராது, கார்டு இருப்பதே தெரியாது. இன்னும் மெல்லிய லேப்டாப்களில் வைஃபை சிப்பை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தே விடுகிறார்கள். அங்கே பட்டியலுக்கு வேலையே இல்லை.

தங்கச்சி பையனின் லேப்டாப்பில் என்ன ஆச்சுன்னு சொல்லலையே. 2013-இல் வந்த இன்டெல் 7260, அரை அளவு மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று பழைய பொருள் கடையில் கிடைத்தது. போட்டேன். பவரை அழுத்திவிட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்றேன். எந்த எண்ணும் வரவில்லை, 5 கிகாஹெர்ட்ஸ் பிடித்தது, புளூடூத்தும் கூடவே வந்தது. இந்தக் கார்டில் ஆன்டெனா முனை ரெண்டுதான். மூணாவதாக இருந்த சாம்பல் நிற வயரின் நுனியில் இன்சுலேஷன் டேப் சுத்தி ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.