முக்காலியைச் சுமந்தவர்கள்

"வெயிட் கம்மியா இருக்கணும், ஆடாமலும் நிக்கணும்." மலை, காடு, கடல் என்று படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் ட்ரைபாட் வாங்கும்போது கேட்பது இவ்வளவுதான். ஆனால் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை. கனமானது காற்றுக்கு அசையாது, லேசானது அசையும்.

1850களிலும் 60களிலும் இந்தியாவில் படமெடுத்த ஆங்கிலேயர்களுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது. காரணம், சுமந்தது அவர்கள் அல்ல!

லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 1858-ல் 21 துண்டுகளாகப் படமெடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அதாவது கேமராவை 21 முறை நகர்த்தி, ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில், அதே தூரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். அன்றைய நெகட்டிவில் காட்சி பதிய நிமிடக்கணக்கில் ஆகும். அதற்குள் கேமரா கொஞ்சம் அசைந்தாலும் கல்வெட்டு கலங்கல்தான்.

கோயில் தளமாவது சமம். இமயமலையில்?

அங்கே போனவர் சாமுவேல் போர்ன். நாட்டிங்காமில் வங்கி குமாஸ்தாவாக இருந்து, வேலையை விட்டுவிட்டு 1863-ல் இந்தியா வந்தவர். (கணக்குப் படித்தவர்களுக்கும் கலை வரும் போல!) அந்த ஆண்டே சுமார் 30 சுமைகூலிகளோடு சிம்லாவிலிருந்து மலையேறினார். 1866-ல் கிளம்பியபோது கூட்டம் சுமார் 80. அந்தப் பயணத்தில் 18,600 அடி உயரமுள்ள மணிருங் கணவாயில் அவர் எடுத்த படங்களைவிட உயரமான இடத்தில் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு யாரும் எடுக்கவில்லை என்பார்கள்.

ஒரு படத்துக்கு எதற்கு இத்தனை ஆள்? அப்போது இருந்தது 'ஈரத்தட்டு' முறை. கண்ணாடித் தட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். ஆகவே கேமரா, முக்காலி மட்டுமல்ல. இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், பெட்டி பெட்டியாகக் கண்ணாடி என எல்லாமே மலையேற வேண்டும். இந்தக் குவியலில் முக்காலி நாலு கிலோவா எட்டு கிலோவா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

சுமந்தவர்கள் பார்த்திருப்பார்கள். குளிரும் சுமையும் தாங்காமல் கூலிகள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடியதையும், தான் தடியை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனதையும் போர்னே ஆங்கிலப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அவருடைய படங்களில் பனிமலை அத்தனை கூர்மையாக இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

1871-ல் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் உலர்தட்டு முறையை வெளியிட்டார். கூடாரமும் புட்டிகளும் தேவையில்லாமல் போயின. 1925-ல் லைக்கா வந்தபின் கேமரா சட்டைப்பைக்குள் அடங்கியது. பலர் முக்காலியையே மறந்தார்கள். நிலக்காட்சி எடுப்பவர்களால் மட்டும் மறக்க முடியவில்லை. அருகில் உள்ள பாறையும் தூரத்து மலையும் ஒருசேரத் தெளிவாக விழ லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் நேரம் கூடும். ஆன்செல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவில் எடுத்த புகழ்பெற்ற நிலவுப் படத்துக்கு ஒரு முழு நொடி ஆனது. ஒரு நொடி கையை அசைக்காமல் வைத்திருப்பது மனிதனால் ஆகிற காரியமில்லை.

ஆனால் இப்போது சுமப்பது படமெடுப்பவரின் சொந்த முதுகு. எடையைப் பற்றிய அக்கறை பிறந்ததே இதன் பிறகுதான் என்று சொன்னால் தவறாகாது. மரக்கால் போய் அலுமினியக் கால் வந்தது. 1917-ல் பிரான்சில் தொடங்கிய கிட்ஸோ நிறுவனம் 1994-ல் கார்பன் ஃபைபர் கால்களைக் கொண்டுவந்தது. இது அலுமினியத்தைவிட லேசு, ஆனால் விறைப்பானது. அதிர்வையும் சீக்கிரம் அடக்கிவிடும். பழைய பகைக்கு ஓரளவு சமாதானம் கிடைத்தது. பிறகு கால்களை மேல்நோக்கி மடித்துப் பைக்குள் அடக்கும் பயண முக்காலிகள் பரவின.

சமாதானத்துக்கும் விலை உண்டு. 2019-ல் பீக் டிசைன் நிறுவனம் ஒரே வடிவத்தில் இரண்டு பயண முக்காலிகளை அறிவித்தது. அலுமினியம் 1.56 கிலோ, 350 டாலர். கார்பன் 1.27 கிலோ, 600 டாலர். 290 கிராம் குறைய 250 டாலர்! முன்பு கூலிக்குக் கொடுத்த காசை இப்போது கார்பனுக்குக் கொடுக்கிறார்கள்.

அந்தக் காசைக் கொடுத்தாலும் இயற்பியல் விடாது. குட்டையாக மடிய வேண்டுமென்றால் காலில் துண்டுகள் கூட வேண்டும். கடைசித் துண்டு விரல் கனம்தான் இருக்கும். நடுத்தண்டை உயர்த்தினால் முக்காலி ஒற்றைக்காலி ஆகிவிடும். அதனால்தான் பல பயண முக்காலிகளின் நடுத்தண்டின் அடியில் ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள். காற்றடிக்கும் மலைமுகட்டில் முதுகுப்பையைக் கழற்றி அதில் தொங்கவிட வேண்டும். பை காற்றில் ஊசலாடாமல் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் நல்லது.