மாதரி மனையும் மலைநாட்டு லயமும்

அன்பு, விசுவாசம், மரியாதை என்னும் மூன்றையும் நம் பெரியோர் ஒரே மூச்சில் சொல்லுவர். முதலிரண்டுக்கும் நம் இலக்கியத்தில் பஞ்சமேயில்லை. இராமனைத் தொடர்ந்து காடு சென்ற சீதை, நள்ளிரவில் கைவிடப்பட்டும் நளனையே தேடியலைந்த தமயந்தி, அடிமையாய் விலைபோன சந்திரமதி என்று திருவிழா மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மூன்றாவதாகிய மரியாதை மட்டும் அத்தனை எளிதாய்க் கண்ணிற் படுவதில்லை. தன் துன்பத்தைப் பங்கிட்டுக் கொண்டவளை நோக்கி, "நீ செய்தது பெரிது" என்று கணவன் வாய்திறந்து சொன்ன இடங்கள் எத்தனை? அத்தகைய ஓரிடம் சிலப்பதிகாரத்தில் உண்டு. ஊவா மலைத் தோட்டங்களின் சரித்திரத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்த இடமே என் நினைவுக்கு வருகின்றது.

மாதவியிடம் செல்வமெல்லாம் இழந்து திரும்பிய கோவலனுக்குக் கண்ணகி தன் சிலம்பைக் கொடுத்ததும், இருள் நீங்குமுன் இருவரும் புகாரை விட்டுப் புறப்பட்டதும் நாமறிந்தவை. நடந்து பழகாத கால்கள் மதுரைக்கு நடந்தன. வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள், மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணிடம் இருவரையும் அடைக்கலமாக ஒப்புவிக்கிறார். அந்தச் சிறு மனையிலே கண்ணகி தன் கையாற் சமைத்து, வாழையிலை விரித்து, கணவனுக்கு உணவிடுகிறாள். உண்டெழுந்த கோவலன் மனம் உடைகின்றது. தீயோர் கூட்டத்திலே திரிந்ததையும், முதிய பெற்றோருக்குச் செய்யத் தவறியதையும், இவளுக்கு இழைத்த சிறுமையையும் அவனே எடுத்துச் சொல்லி, புறப்படு என்றதும் புறப்பட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்று உருகுகிறான்.

கண்ணகியின் மறுமொழியைப் பட்டிமன்றப் பேச்சாளர் பலர் விட்டுவிடுகின்றனர். அவள் அழவில்லை, கணவனைப் புகழவும் இல்லை. விருந்தோம்பும் கடமையெல்லாம் தனக்கு இல்லாமற் போனதைச் சொல்கிறாள். மாமன் மாமியின் முன் பொய்யாய்ச் சிரித்துத் துயரை மறைத்ததைச் சொல்கிறாள். நீர் நடந்த நடத்தை சான்றோர் ஏற்காதது என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அவன் மறுத்துப் பேசவில்லை, கேட்டுக்கொள்கிறான். இதுவன்றோ மரியாதை! மனைவியின் நெஞ்சிலிருந்ததைச் செவிகொடுத்துக் கேட்ட பின்னரே கோவலன் சிலம்பு விற்கப் போனான்.

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம்.

கண்ணகியும் கோவலனும் நடந்த அதே தமிழகத்திலிருந்து, 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்து ஏழைகள் பஞ்சத்துக்குத் தப்பி நடந்தார்கள். பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று ஏறி, அங்கிருந்து ஊவாவரையும் கால்நடையாகவே வந்தவர்கள் உண்டு. காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்கள் பாதையோரத்திலேயே கிடந்தார்கள். தலைமன்னாருக்கு இரயிலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் வந்தது 1914இலேதான். பதுளைக்குப் புகையிரதம் வர 1924 ஆயிற்று.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதைப் பறிக்கப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. ஆகவே குடும்பம் குடும்பமாக ஆள்கட்டினார்கள். மலைநாட்டுத் தமிழ்ச் சமுதாயம் என்று இன்று நாம் பெருமையோடு சொல்லுகிறோமே, அது வேரூன்றியது பெண் வந்த பிறகுதான்.

வந்தவளுக்குக் கிடைத்ததென்ன? லயத்தில் ஒரு காம்பரா. விடியுமுன் தப்புச் சத்தம், பெரட்டுக் களம், பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு மலையேற்றம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். கவ்வாத்து வெட்டும் ஆண் தன் கணக்கை முடித்துப் பிற்பகலில் வீடு திரும்பலாம். கொழுந்துக்காரி கடைசி நிறுவை முடிந்தே இறங்குவாள். இறங்கியதும் பீலியில் தண்ணீர், விறகு, அடுப்பு. பட்ட கடனோ கங்காணியின் பற்றேட்டில் ஏறிக்கொண்டே போகும். கடனைத் தீர்த்தாலொழிய வேறு தோட்டத்துக்குப் போகவொட்டாமற் கட்டிவைத்த துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929இல் நாட்கூலி நிர்ணயமானபோது, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்றார்கள். தோட்டத்துக்கு வருவாய் தேடித்தந்த கொழுந்தைப் பறித்த கைக்கு 11 சதம் குறைவு! துரைமார் அவ்வாறு கணக்கிட்டதில் வியப்பில்லை. நம்மவர்களும் அதை நெடுங்காலம் இயல்பென்றே எண்ணியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகின்றது.

மிஷன் பாடசாலையில் படித்த எனக்கு இங்கே ரூத்தின் கதை நினைவுக்கு வருகின்றது. இந்து வாலிபர் மலரில் விவிலியக் கதையா என்று பெரியோர் முகஞ் சுளிக்க வேண்டாம். அவளும் பிழைப்புக்காக அயல்நாடு வந்த ஏழைப் பெண்தான். விதவையான பின்னும் விதவை மாமி நகோமியைக் கைவிடாமல், அவளோடு பெத்லகேம் வந்து, அறுவடை வயலிற் சிந்திய கதிர் பொறுக்குகிறாள். வயலுக்குரிய போவாஸ் தன் வேலைக்காரர் அவளைத் தொடக்கூடாது என்று கட்டளையிடுகிறான். அவளுக்கென்று கதிரைச் சிந்தவிடச் சொல்கிறான். மாமிக்கு அவள் செய்ததையெல்லாம் கேள்விப்பட்டேன் என்று அவளிடமே சொல்கிறான். ரூத்தின் விசுவாசத்தைக் கொண்ட பெண்கள் நம் தோட்டங்களில் ஆயிரமாயிரம். போவாஸ்தான் கிடைக்கவில்லை.

ஆயினும் மனைவியைச் சரிசமமாக நடத்திய ஒருவர் நமது தொழிற்சங்கச் சரித்திரத்தில் உண்டு. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், துணி விற்பவர்போலத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டவர். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பத்திரிகைப் பணியிலும் துணைநின்றார். கூட்டங்களில் ஜனங்களுக்குப் பழகிய மெட்டுக்களிற் பாட்டுக் கட்டிப் பாடினார். பெண் மேடையேறுவதே குற்றமெனப் பேசிய காலம் அது. அவர் பாடக் கூட்டம் சேரும். பின்னர் அய்யர் பேசுவார். அம்மாளின் பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. அந்த அம்மையாருக்கு நாம் எடுத்த விழாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்!

அதே 1940இல் வேலைநிறுத்த அலை ஊவாவுக்கும் வந்தது. மே மாதத்தில் என். எம். பெரேரா பதுளையிற் பெருங்கூட்டத்தில் பேசினார். பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர்; அதைக் கலந்தே நிருவாகம் நடத்தத் துரையும் இணங்க வேண்டியதாயிற்று. பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவைத் தனிமைப்படுத்திய பெருவெள்ளமும் சேர்ந்து அப்போராட்டத்தை ஒடுக்கின. லயக் காம்பராவே தோட்டத்துக்குச் சொந்தமாயிருந்த காலத்தில் வேலைநிறுத்தம் என்றால், வேலையோடு வீடும் போகக்கூடும் என்பதே பொருள். ஆணின் துணிச்சலைப் பேசுகிறோம். அரிசி இல்லாத அடுப்பைக் காத்தவளை யார் பேசினார்?

இத்தனையும் தாங்கிய குடும்பங்களை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆந் திகதி செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப்போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது; மிஞ்சிய 150,000 பேரை 1974இற் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். அன்று நடந்தே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கோச்சியேறித் திரும்பினார்கள். ஒரே லயத்தில் தமையன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை. பதுளை நிலையத்திற் தொடங்கிய ஒப்பாரி தலைமன்னார் இறங்குதுறைவரை ஓயவில்லை. கணவனின் பத்திரம் எந்தத் தேசத்தைச் சொன்னதோ அந்தத் தேசத்துக்கு மனைவி போனாள். அவளைப் பெற்ற தாய் இங்கே நின்றாள். புறப்படு என்றதும் புறப்பட்ட கண்ணகிகள்! மாதரி மனையில் ஒருத்திக்குக் கிடைத்த அந்தச் சில வார்த்தைகள் இவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தன?

தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இல் வந்தது. 54 சதத்துக்கும் 43 சதத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு தூரத்தைக் கடக்க 55 வருஷங்கள் சென்றன. சம்பள நாளில் மனைவியின் பெயருக்குரிய பணத்தையும் கணவனே கைநீட்டி வாங்கிச் செல்லும் வழக்கமோ அந்த ஆண்டோடு முடிந்துவிடவில்லை.