மின்காருக்குக் குரல் பிறந்த கதை

மேலூர்ப் பக்கம் வயலில் குனிந்து களை பறிப்பவர்கள், நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவார்கள், ரோட்டில் போவது டிராக்டரா, டவுன் பஸ்ஸா, புல்லட்டா என்று. மதுரை மாசி வீதிகளில் நடப்பவர்களுக்கும் காதுதான் பாதி வழிகாட்டி. பின்னால் ஆட்டோ வந்தால் எவ்வளவு ஒதுங்கவேண்டும், லோடு வண்டி வந்தால் எவ்வளவு ஒதுங்கவேண்டும் என்று கால் தானாகவே முடிவுசெய்துகொள்கிறது.

இந்த ஓசையை வண்டிக்கு யாரும் திட்டமிட்டுக் கொடுக்கவில்லை. எஞ்சினுக்குள் எரிபொருள் வெடிக்கிறது, அந்த வெடிப்பு புகைக்குழாய் வழியே வெளியே கேட்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதிலேயே வண்டியின் முகவரி இருந்தது. 1956 முதல் திருவொற்றியூரில் தயாரான புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்ற கணக்கில், வினாடிக்கு ஏழெட்டு வெடிப்புதான். அதனால்தான் அதன் ‘டப் டப்’ தனித்தனியாகக் காதில் விழுகிறது. என்சோ ஃபெராரி 1947-ல் இத்தாலியில் தன் பெயரில் கொண்டுவந்த முதல் காரான 125 எஸ்-க்குப் 12 சிலிண்டர்கள். 12 சிலிண்டர் எஞ்சின் 8,000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 800 வெடிப்புகள். அங்கே ஒவ்வொரு வெடிப்பும் தனியாகக் கேட்காது. எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியாகிவிடும். அந்தச் சுருதிக்காகவே கோடிகளைக் கொடுத்தவர்கள் உண்டு.

மின்மோட்டாரில் வெடிப்பு இல்லை. காந்தப்புலம் சுழல்கிறது, சக்கரம் திரும்புகிறது, கிட்டத்தட்ட ஓசையே இல்லை. இந்த அமைதியால் முதலில் துன்பப்பட்டவர்கள் கார் கம்பெனிக்காரர்கள் அல்லர், பார்வையற்றவர்கள். டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைப்ரிட் கார்கள் மெதுவாக ஊரும்போது மின்சாரத்திலேயே ஓடும். அமெரிக்காவில் அவை பெருகியபோது, வெள்ளைக் கோலோடு தெருவைக் கடப்பவர்களுக்குக் கார் வருவதே தெரியவில்லை. அங்குள்ள தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு இதை விடாமல் எடுத்துப் பேசியது. 2010 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் பாதசாரிகள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2011 ஜனவரி 4 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். மெதுவாக ஓடும்போது மின்காரும் ஹைப்ரிட் காரும் ஓசை எழுப்பியே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். ஐரோப்பாவில் 2019 ஜூலையில் புதிய மாடல்களுக்கும், 2021 ஜூலையில் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயமானது. அங்கே மணிக்கு 20 கிலோமீட்டர் வரை ஓசை கேட்கவேண்டும். வேகம் கூடக்கூடச் சுருதியும் ஏறவேண்டும். அதற்கு மேல் டயரும் காற்றுமே போதிய சத்தம் எழுப்பிவிடும். காரின் முன்புறம் ஒரு சிறிய ஒலிபெருக்கி, உள்ளே ஒரு கணினிச் சில்லு. மின்காருக்குக் குரல் பிறந்தது இப்படித்தான், கண் தெரியாமல் நடப்பவர்கள் கேட்டுப் பெற்ற உரிமையாக.

பந்தயக் கார் கம்பெனிகளின் கவலை இதன் பிறகு வந்தது. வேகத்தால் மட்டும் இனி ஒருவரும் தனித்து நிற்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்துபோனது. நம் நாட்டுப் பணமும் கலந்த கதை இது. இத்தாலியின் பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனத்தைக் கைப்பற்றிய மஹிந்திரா, 2018-ல் அதே பெயரில் ஒரு கார் கம்பெனியைத் தொடங்கியது. அதன் ‘பட்டிஸ்டா’, 1,900 குதிரைத்திறன் கொண்ட மின்கார், 2019-ல் ஜெனீவாவில் அறிமுகமானது. மோட்டாரும் பேட்டரியும் குரோஷியாவின் ரிமாட்ஸ் கம்பெனி கொடுத்தவை. அதே தொழில்நுட்பத்தில்தான் ரிமாட்ஸின் சொந்தக் காரான ‘நெவேரா’வும் ஓடுகிறது. இரண்டுக்கும் விலை சுமார் 20 லட்சம் யூரோ. இரண்டுக்கும் ஒரே இதயம்.

ஜெர்மனியின் நூர்பர்கிரிங் பந்தயப் பாதையை நெவேரா 2023-ல் 7 நிமிடம் 5.298 வினாடியில் சுற்றியது. 2025-ல் செல்போன் விற்கும் ஷாவ்மியின் ‘எஸ்யூ7 அல்ட்ரா’ 7 நிமிடம் 4.957 வினாடியில் சுற்றிவிட்டது. அதன் அடிப்படை விலை நெவேராவின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சின் காலத்தில் ஒரு கம்பெனி இந்த இடத்தை எட்டப் பல பத்தாண்டு அனுபவம் வேண்டியிருந்தது. நல்ல பேட்டரியும் நல்ல மென்பொருளும் கையில் இருந்தால் இன்று புதியவர்களாலும் முடிகிறது.

அதனால் பெரிய கம்பெனிகள் குரலைத் தேடிப் போயின. பிஎம்டபிள்யூ, திரைப்பட இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மரை அழைத்துக்கொண்டது. பட்டிஸ்டாவுக்கு 54 ஹெர்ட்ஸை அடிப்படைச் சுருதியாக வைத்துத் தனி ஓசை அமைத்தார்கள். நம் பக்கம் மஹிந்திரா ஏ.ஆர். ரஹ்மானிடம் போனது. காரின் ஓட்ட ஓசையிலிருந்து சீட் பெல்ட் எச்சரிக்கை, இண்டிகேட்டர் சத்தம் வரை அவர் அமைத்துக் கொடுத்தார். 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் இரண்டு மின்கார்களும் அந்த ஓசைகளோடு வந்தன. ஃபெராரி இன்னொரு வழி பிடித்தது. தன் முதல் மின்காரின் தொழில்நுட்பத்தை 2025 அக்டோபரில் வெளியிட்டபோது, போலி எஞ்சின் சத்தத்தைச் சேர்க்கப்போவதில்லை என்றது. அச்சில் ஓர் உணரி, மோட்டாரின் உண்மையான அதிர்வைப் பிடிக்கிறது. எலக்ட்ரிக் கிடார் தந்தியின் அதிர்வைப் பெருக்குவதுபோல் அதைப் பெருக்கித் தருகிறது.

எனக்கு ஃபெராரியின் வழியே பிடித்திருக்கிறது. இயந்திரம் என்ன செய்கிறதோ அதையே காது கேட்கவேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் குரல் யாருக்காக என்பது. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் சிலிர்ப்புக்காகக் கோடிகள் செலவாகின்றன. வெளியே நடப்பவருக்காகப் பிறந்த குரல் இது என்பதை மறக்கக்கூடாது.

மதுரையில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்த ஊர் இது. ஊரை ஒட்டிய சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்துவருகிறது. அங்கே படித்தவர்கள் இதே தெருக்களில், நடைபாதை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத ஓரங்களில், காதை நம்பித்தான் நடக்கிறார்கள்.

மின்வண்டிகளுக்கு ஓசைக் கருவியைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் வெளியிட்டது. புதிய மாடல்களுக்கு 2026 அக்டோபர் 1, ஏற்கெனவே விற்பனையில் உள்ள மாடல்களுக்கு 2027 அக்டோபர் 1 என்று தேதியும் குறித்தது. நல்ல காரியம். ஆனால் அது கார், பஸ், லாரி வகைகளுக்கு மட்டும்தான். ஸ்கூட்டரும் ஆட்டோவும் அதில் இல்லை. சிம்மக்கல் சந்தில் நம் முழங்கையை உரசிக்கொண்டு ஓசையின்றிப் போவது இருபது லட்சம் யூரோ கார் அல்ல; மின்ஸ்கூட்டரும் மின்ஆட்டோவும்தான்.

அவற்றையும் விதிக்குள் கொண்டுவரவேண்டும். அதற்கு ஹான்ஸ் ஜிம்மர் தேவையில்லை. சின்ன ஒலிபெருக்கியும், வேகத்தோடு ஏறி இறங்கும் ஓர் எளிய சுருதியும் போதும். விலை உயர்ந்த கார்கள் தங்களுக்கென்று ஒரு குரலைத் தேடிக்கொள்ளட்டும். அதற்கு முன்னால், தெருவில் நடப்பவருக்குச் சேரவேண்டிய குரல் ஒவ்வொரு மின்வண்டியிலும் ஒலிக்கவேண்டும்.