செருகுநிரல்: வேர்ட்பிரஸ் தளங்களும் செங்கல்பட்டுக் கடற்கரையும்

செருகுநிரல் என்பது வேர்ட்பிரஸ் போன்ற தள மென்பொருளின் மூல நிரலில் கை வைக்காமல் அதற்குப் புதிய வசதியோ தோற்றமோ சேர்க்கும் தனி நிரல்தொகுப்பு. பேச்சில் எல்லோரும் பிளகின் என்றே சொல்வார்கள். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 2003 மே 27 அன்று வெளியிட்ட வேர்ட்பிரஸில், 2004 மே மாதம் வந்த 1.2 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. மூல நிரல் ஓடும் பாதையில் ஆங்காங்கே கொக்கிகள் விடப்பட்டுள்ளன. பக்கம் சேமிக்கப்படும்போது ஒன்று, திரைக்குப் போகும் முன் ஒன்று என்று பல. செருகுநிரல் அந்தக் கொக்கியில் தன் வேலையை மாட்டிக்கொள்ளும். மாட்டியபின் தளத்தின் முழு அதிகாரமும் அதற்கு உண்டு. தரவுதளத்தைப் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம். தேர்வில் கவனம் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

காஞ்சிபுரத்திலிருந்து 2019 நவம்பர் 29 அன்று பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் செருகுநிரல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அது தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கூடுவாஞ்சேரியை ஒட்டிய வல்லாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கிறது ஜோஹோ நிறுவனத்தின் தலைமை வளாகம். வேர்ட்பிரஸுக்கென அது மின்னஞ்சல், உரையாடல் பெட்டி, படிவம் ஆகியவற்றுக்குச் செருகுநிரல்கள் வெளியிட்டுள்ளது. கிழக்கே கோவளம் முதல் மாமல்லபுரம் வரை விடுதிகள், சிற்பக்கூடங்கள், அலைச்சறுக்குப் பள்ளிகள். மத்திய தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டுள்ள சின்னங்களில் 2021-22-ல் வெளிநாட்டவர் அதிகம் வந்தது மாமல்லபுரத்துக்குத்தான்: 1,44,984 பேர். வருகிறவர் முதலில் பார்ப்பது கைபேசித் திரையைத்தான்.

உள்ளூர் நிறுவனம் என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஜோஹோவின் செருகுநிரல்கள் பெரும்பாலும் இணைப்புக் குழாய்கள். உண்மையான வேலை அந்நிறுவனத்தின் சேவையகத்தில் நடக்கிறது. அங்கே கணக்கை மூடிவிட்டால் தளத்தில் மிஞ்சுவது வெறும் கூடு. ஆனால் அப்படிப்பட்ட இணைப்பு தேவைப்படும் இடமும் உண்டு. அறை கேட்டுப் படிவம் நிரப்பினால், வேர்ட்பிரஸ் தானாக அந்த மடலைத் தளம் குடியிருக்கும் சேவையகத்தின் வழியே அனுப்பும். அது பலமுறை எரிதக் கோப்புறையில் விழும், அல்லது வந்தே சேராது. சிறு விடுதிக்காரர் அழகுக்கான எதையும் தேடுமுன் மின்னஞ்சல் செருகுநிரலைத்தான் நிறுவ வேண்டும்.

எந்தச் செருகுநிரலையும் நிறுவுமுன், வேண்டிய வசதியை மூல மென்பொருளே தருகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்குவது, தளவரைபடம், செருகுநிரல்கள் தாமே புதுப்பித்துக்கொள்வது ஆகிய மூன்றும் 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டன. வெப்பி வகைப் படங்களை 2021-ல் 5.8 ஏற்றது. எழுத்துரு நூலகம் 2024 ஏப்ரலில் 6.5 பதிப்போடு வந்தது. பழைய "சிறந்த பத்து" பட்டியல்களை நம்பி நிறுவுகிறவர்கள் வீட்டில் இருக்கும் பொருளையே மறுபடி விலைக்கு வாங்குகிறார்கள்.

சிற்பக்கூடத் தளத்துக்குப் படம்தான் உயிர். மாமல்லபுரக் கற்சிற்பம் 2017-ல் புவிசார் குறியீடு பெற்றது. வாங்குகிறவர் கடல் கடந்தும் இருக்கலாம், படத்தைப் பார்த்தே முடிவு செய்வார். வேர்ட்பிரஸ் 5.3 முதல் பெரிய படத்தை 2,560 புள்ளி அளவுக்குச் சுருக்கிவிடும். ஜேபெக் தரத்தை 82-ல் வைக்கும். அதற்குமேலும் நசுக்கும் செருகுநிரல்கள் ஏராளம். சாம்பல் நிறக் கருங்கல்லில் உளிபட்ட தடம் மிக மெல்லிய நிழல் வேறுபாடாகத்தான் தெரியும், கடும் சுருக்கத்தில் முதலில் அழிவதும் அதுவே. வேகப் பரிசோதனையில் மதிப்பெண் கூடும், சிலை சிமென்ட் பொம்மைபோல் தெரியும். தரத்தைக் கையால் அமைக்க விடாத செருகுநிரல் இந்த ஊருக்கு ஆகாது.

தமிழில் எழுதும் தளங்களுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. விமர்சன நட்சத்திரங்கள் அவற்றைக் காட்டுவதில்லை. முகவரியை எடுத்துக்கொள்வோம். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். இணைய முகவரியில் அது ஒன்பது இடத்தைப் பிடிக்கும். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரித் துண்டுக்குத் தருவது 200 இடம். மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் "மாமல்லபுரம்" என்ற ஒரு சொல்லே 99 இடம் கொள்ளும். "மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்" என்று தலைப்பிட்டால் முகவரி "கோ" என்பதோடு அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட சரம்தான் போய்ச் சேரும். இதற்குச் செருகுநிரல் வேண்டாம். முகவரிப் பெட்டியில் ரோமன் எழுத்தில் சுருக்கமாகக் கையால் எழுதினால் முடிந்தது.

வாசிப்பு நேரம் காட்டும் செருகுநிரல்களில் சில, பிஎச்பி மொழியின் சொல்லெண்ணும் செயற்கூறை நம்பியிருக்கின்றன. அதன் கணக்கில் தமிழ் எழுத்து எழுத்தே அல்ல, ஆகவே நீண்ட கட்டுரைக்கும் சுழியத்தையோ ஒரு நிமிடத்தையோ காட்டும். பைட் கணக்கில் வெட்டும் முன்னோட்டப் பெட்டிகள் கடைசி எழுத்தைச் சிதைத்துக் கேள்விக்குறியாக்கும். கடை வைத்திருப்பவர்கள் ரசீதில் இடறுவார்கள்: பிடிஎஃப் ரசீதுக்குப் பல செருகுநிரல்கள் பயன்படுத்தும் டாம்பிடிஎஃப் நூலகத்துக்குத் தமிழ் எழுத்துகளைக் கோத்து அமைக்கத் தெரியாது, கொம்பு மெய்க்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எம்பிடிஎஃப் நூலகம் இதை ஒழுங்காகச் செய்யும். அச்சுக்கோப்பு விஷயத்தில் தமிழர் வேர்ட்பிரஸை நன்றாகப் பயன்படுத்திய சான்றும் உண்டு. 2013-ல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் திட்டத்தினர், வேர்ட்பிரஸ்மேல் கட்டப்பட்ட பிரஸ்புக்ஸ் சேவையைக் கொண்டு மின்னூல்கள் உருவாக்கினர்.

எழுத்துருவில் ஒரு சட்டச் சங்கதி. கூகுள் சேவையகத்திலிருந்து எழுத்துருவை நேரடியாக இறக்கியதால் பார்வையாளரின் ஐபி முகவரி வெளியே போகிறது என்று 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளத்தாருக்கு 100 யூரோ இழப்பீடு விதித்தது. ஐரோப்பிய விருந்தினரை எதிர்பார்க்கும் விடுதித் தளம் கேட்டமரன், நோட்டோ போன்ற தமிழ் எழுத்துருக்களைத் தன் சேவையகத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பில் பெயர் பெற்ற பாடம் ஃபைல் மேனேஜர். 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த அந்தச் செருகுநிரலின் ஓட்டை 2020 செப்டம்பரில் தெரியவந்து, 6.9 பதிப்பில் அடைபடுவதற்குள் தாக்குதல் தொடங்கிவிட்டது. ஆக, பிரபலம் பாதுகாப்பாகாது. உரிமையும் நிலையானதல்ல: டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்தின் அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற செருகுநிரலை 2024 அக்டோபரில் வேர்ட்பிரஸின் செருகுநிரல் கிடங்கே எடுத்துக்கொண்டு பெயர் மாற்றியது, டிசம்பரில் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அது உரியவரிடம் திரும்பியது. கிடங்கின் பக்கத்தில் பார்க்க வேண்டியவை கடைசியாகப் புதுப்பித்த நாள், எந்தப் பதிப்புவரை சோதிக்கப்பட்டது, ஆதரவுக் கேள்விகளுக்குப் பதில் வருகிறதா என்பவை. நட்சத்திரங்களை அப்புறம் பார்க்கலாம்.

வேண்டாத செருகுநிரலை முடக்கிவைத்தால் போதாது. முடக்கினாலும் அதன் கோப்புகள் சேவையகத்தில் கிடக்கும், வெளியிலிருந்து அழைத்து இயக்கக்கூடியவை அவற்றில் இருக்கலாம். நீக்கிவிடுங்கள்.