ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும்னு கேட்கிறது ஆடம்பரமா?

1/ மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து வருஷம் ஒன்று ஆன பிறகும், பல பெண்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், ஒரு பக்கம் சின்னதா இருக்கே, சரி பண்ண முடியுமா?"

"உயிர் பிழைச்சதே பெருசு, இப்ப இது எதுக்கு?" என்று வீட்டில் சொல்வார்கள். சில நேரம் டாக்டரும் அதையே சொல்வார். இந்தப் பதில் எங்கிருந்து வந்தது? நூற்று முப்பது வருஷம் பின்னாடி போகணும். நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

2/ 1894. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் 50 நோயாளிகளின் விவரத்தோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். மார்பகம், அதன் அடியில் இருக்கும் மார்புத் தசைகள், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து அகற்றும் ஆபரேஷன்.

அன்றைக்கு ரேடியேஷன் கிடையாது, கீமோ கிடையாது. பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே கட்டி முற்றியிருக்கும். வெட்டின இடத்திலேயே கட்டி திரும்ப வருவது இந்த முறையில் நன்றாகக் குறைந்தது. அதனால மருத்துவ உலகமே அவர் பின்னாடி போச்சு. அதுக்குப் பெண்கள் கொடுத்த விலை? குழி விழுந்த நெஞ்சு, வீங்கிப்போன கை.

3/ அடுத்த வருஷமே, 1895-ல், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்ற சர்ஜன் வேறு மாதிரி யோசித்தார். நோயாளி ஒரு பாடகி. மார்பகத்தில் இருந்தது புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டிதான். ஆனால் அதை எடுத்தால் அந்தப் பக்கம் சிறுத்துவிடும். அவர் இடுப்புப் பக்கம் ஒரு கொழுப்புக் கட்டி இருந்தது. செர்னி அதை எடுத்து மார்பகத்தில் வைத்துத் தைத்தார்.

இழந்த மார்பகத்தை ஈடுகட்டும் முயற்சிகளில் பதிவான முதல் ஆபரேஷன் இதுதான்னு பல மருத்துவ நூல்கள் சொல்லுது. ரெண்டு பக்கமும் ஒத்துப்போகணும்ங்கிற ஆசை ஒண்ணும் புது ஃபேஷன் இல்லை, பாருங்க.

4/ 1906-ல் இத்தாலியின் இஜினியோ தன்சினி இன்னொரு வழி காட்டினார். முதுகுத் தசையைத் தோலோடு, அதன் ரத்தக்குழாய் அறாமல் முன்பக்கம் திருப்பி, நெஞ்சில் உள்ள புண்ணை மூடினார். அருமையான யோசனை. ஆனால் மருத்துவ உலகம் அதை மறந்தே போனது. மூடிவைத்தால் திரும்ப வரும் கட்டி கண்ணில் படாது என்ற பயம் அன்று பரவலாக இருந்தது. ஹால்ஸ்டெட்டும் இப்படி மூடுவதை விரும்பவில்லை. அதே முதுகுத் தசை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தது 1970-களின் பிற்பகுதியில். எழுபது வருஷம்!

5/ அந்த எழுபது வருஷமும் பெண்கள் என்ன செய்தார்கள்? பஞ்சும் துணியும் வைத்துச் சமாளித்தார்கள். பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லருக்கு 1970-ல் மார்பகம் அகற்றப்பட்டது. கடையில் கிடைத்த செயற்கை மார்பகம் எதுவும் திருப்தியாக இல்லை. தானே கம்பெனி ஆரம்பித்து, இடது பக்கத்துக்குத் தனி, வலது பக்கத்துக்குத் தனி என்று தயாரித்து விற்றார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கவிஞர் ஆட்ரி லார்ட் 1978-ல் மார்பகத்தை இழந்தார். செயற்கை மார்பகம் வைக்காமல் டாக்டரைப் பார்க்கப் போனபோது, அங்கிருந்த நர்ஸ் அதைக் குறையாகச் சொன்னதைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். "இப்படியே இருக்கேன்"னு ஒரு பெண் சொன்னா, அதுவும் முழுமையான முடிவுதான். இதை மறந்துடாதீங்க.

6/ சிலிகான் இம்ப்ளாண்ட் வந்தது 1962-ல், ஹூஸ்டனில் க்ரோனின், ஜெரோ என்ற இரண்டு சர்ஜன்கள் மூலம். பாதுகாப்பு பற்றிக் கேள்விகள் எழுந்ததால் 1992-ல் அமெரிக்க எஃப்டிஏ சிலிகான் ஜெல் இம்ப்ளாண்டுக்குக் கட்டுப்பாடு போட்டது. அப்போதும் புற்றுநோய்க்குப் பிறகு மார்பகம் சீரமைக்கும் பெண்களுக்கு, ஆய்வுக் கண்காணிப்போடு, வழி திறந்தே இருந்தது. 2006-ல் மறுபடி பொது அனுமதி கொடுத்தார்கள்.

7/ பெரிய திருப்பம் இனிமேதான். இத்தாலியில் வெரோனேசி, அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர். ரெண்டு பேரும் 1970-களில் ஆய்வு தொடங்கினார்கள். ஆரம்பநிலைக் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தால் போதுமா? 2002-ல் இருபது வருட முடிவுகள் வந்தன. முழு மார்பகத்தையும் எடுத்தவர்களும் இவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள்.

8/ மார்பகம் தப்பியது. ஆனா அளவு? கட்டி இருந்த இடத்தில் பள்ளம் விழும். ரேடியேஷனில் மார்பகம் சுருங்கி இறுகும். வயசாகி உடம்பு போடும்போது மறுபக்கம் மட்டும் பெருக்கும். வித்தியாசம் வருஷாவருஷம் கூடலாம். தோள்பட்டை வலி, பொருந்தாத உள்ளாடை, துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொள்ளும் பழக்கம். இதை வெறும் அழகுப் பிரச்சினைன்னு எப்படிச் சொல்றது?

9/ இன்றைக்கு உள்ள வழிகள்:

• உள்ளாடைக்குள் வைக்கும் சிலிகான் பேட். கத்தியே வேண்டாம்.
• கட்டி எடுக்கும்போதே மீதித் திசுவை நகர்த்திப் பள்ளத்தை நிரப்புவது.
• மறுபக்கத்தைச் சிறிதாக்குவது அல்லது தூக்கித் தைப்பது.
• இம்ப்ளாண்ட். ரேடியேஷன் வாங்கிய பக்கத்தில் சிக்கல் அதிகம்.
• முதுகு அல்லது வயிற்றுத் திசுவால் உருவாக்குவது. பெரிய ஆபரேஷன், தழும்பு ரெண்டு இடத்தில்.
• வயிறு, தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சிப் பள்ளத்தில் செலுத்துவது. ஒரு பகுதி கரைந்துவிடும், திரும்பச் செய்ய வேண்டிவரலாம்.

10/ இந்தக் கடைசி முறையை அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 1987-ல் கூடாது என்றது. செலுத்திய கொழுப்பு கெட்டியாகி மேமோகிராமைக் குழப்பும் என்று அச்சம். 2009-ல் சான்றுகளைப் பார்த்துவிட்டு அந்தத் தடையைத் தளர்த்தியது. செர்னி கொழுப்பை வைத்துத் தைத்து 114 வருஷம் கழித்து!

11/ இப்ப முதல் கேள்விக்கு வருவோம். இது ஆடம்பரமா? 1998-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. மார்பகம் அகற்றும் ஆபரேஷனுக்குப் பணம் தரும் இன்சூரன்ஸ், அதைச் சீரமைக்கவும் பணம் தரணும். செயற்கை மார்பகத்துக்கும், கைவீக்கத்துக்கும் தரணும். முக்கியமாக, ரெண்டு பக்கமும் ஒத்துப்போக மறுபக்கத்தில் செய்யும் ஆபரேஷனுக்கும் தரணும். நோயே இல்லாத பக்கத்தில் செய்வதையும் புற்றுநோய் சிகிச்சையின் பகுதி என்று சட்டமே ஏற்றுக்கொண்டது.

12/ ஆகவே, ஆபரேஷனுக்கு முன்னாடியே கேளுங்க. "எனக்கு எவ்வளவு வித்தியாசம் வரும்? இப்பவே சரி பண்ணலாமா, ரேடியேஷன் முடிஞ்சு சில மாசம் காத்திருக்கணுமா? மறுபக்கத்துக்கு மேமோகிராம் எடுத்தாச்சா? என் பாலிசியில் இதுக்கு இடம் இருக்கா?"

ஆபரேஷன் முடிஞ்சு பல வருஷம் ஆயிடுச்சா? பரவாயில்லை, இப்பவும் கேட்கலாம். புற்றுநோய் சர்ஜன், பிளாஸ்டிக் சர்ஜன் ரெண்டு பேரையும் பாருங்க. எல்லாம் கேட்டுவிட்டு எதுவும் வேண்டாம்னு முடிவெடுத்தாலும் சரி. அந்த முடிவு உங்களுடையதா இருக்கணும், அவ்வளவுதான்.