ஒரு கோப்பை சிலோன் தேயிலை

இன்னைக்கு இலைத் தேயிலையைப் பற்றிப் பேசப்போறேன். பால் இல்லாம, சும்மா வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கிற சிலோன் தேயிலை.

இலங்கை மலைகளில் முதலில் காப்பிதான் பெரிய பயிர். 1869-ல் தென்பட்ட இலைத்துரு நோய், இருபது வருஷத்துக்குள்ள அதை அழிச்சிடுச்சு. ஆனா 1867-லேயே கண்டி பக்கம் லூல்கந்துரயில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். முதல் தொழிற்சாலை அவருடைய பங்களா வராந்தாதான். மேசைமேல் கொழுந்தைக் கையால் உருட்டி, கரி அடுப்பில் காயவைத்தார்கள். உருட்டும்போது கசியும் சாறு காற்றுபட்டு, பச்சை இலை செம்பு நிறமா மாறுது. அப்புறம் சூடு காட்டினா அந்த மாற்றம் நின்னுடும். கறுப்புத் தேயிலை உருவாவது இப்படித்தான்.

கொழுந்து பறித்தது யார்? காப்பிக் காலத்திலிருந்தே கங்காணிகள் கூட்டிட்டுப் போன நம்ம ஜனங்க. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டாங்க.

நான் போடுறது இப்படி: கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலை, நல்லாக் கொதிச்ச தண்ணி, மூடி வைத்து மூணு நிமிஷம். இலையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீங்க, கசக்கும். சுருண்ட இலை விரியுற அந்த மூணு நிமிஷத்தில், எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.